விளம்பரத்தில் பிராண்டு பெயர் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கப் பழகுகிறவர்கள் அடிக்கடி என்னிடம் வருகிறார்கள். எங்கே மூச்சு விடுவது, ழகரம், மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அவை இங்கே வேண்டாம். பொருளின் பெயரைச் சொல்வதில்தான், தொடக்கத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் சறுக்குகிறார்கள்.

பிறந்த நாட்டு உச்சரிப்புதான் சரி என்று முடிவு கட்டுவது

பணத்தைத் தின்னும் தவறு இதுதான். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அண்மையில் ஒரு பெண், நல்ல குரல், சமையலறைச் சாதனம் ஒன்றின் வானொலி விளம்பரத்துக்குப் பேசினார். அந்த நிறுவனம் பிறந்த நாட்டில் பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்று முந்தின இரவு யூடியூபில் பார்த்துப் பழகிக்கொண்டு வந்து அப்படியே சொன்னார். ஏஜென்சியிலிருந்து வந்திருந்த பையனும் தலையாட்டிவிட்டான். 30 விநாடி விளம்பரத்தில் பெயர் 4 இடத்தில் வருகிறது. அதோடு ஒவ்வொரு ஊர் டீலர் பெயரையும் சேர்த்துத் தனித்தனிப் பதிப்புகள். எல்லாம் முடிந்து ஜிங்கிளோடு, அதாவது விளம்பரப் பாட்டோடு, சேர்த்துக் கேட்டபோதுதான் தெரிந்தது: பாட்டுக்குள் பெயர் ஒரு மாதிரி, பாட்டு முடிந்த கையோடு இவர் குரலில் வேறு மாதிரி.

பெயரை மட்டும் பேசி ஒட்டிவிடலாமே என்பார்கள். ஒட்டாது. வாக்கியத் தொடக்கத்தில் வரும் பெயரில் குரல் ஏறும். கடைசியில் வருவதில் இறங்கும். மறுநாள் தனியாகப் பேசிச் செருகிய சொல் செருகியதாகவே கேட்கும். ஓர் அசை கூடினால் 30 விநாடிக்குள் அடங்காமலும் போகும். எல்லாப் பதிப்பையும் முதலிலிருந்து பேசினார். இரண்டாவது நாள் ஸ்டூடியோ வாடகையை அவர் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள்.

"ஆனா சார், ஒரிஜினல் அதுதானே?" என்று கேட்டார். எது ஒரிஜினல்? மேகியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் அந்தப் பெயரை உலகறியச் செய்த ஜூலியஸ் மேகியின் அப்பா இத்தாலிக்காரர். இத்தாலியர் 'மாஜ்ஜி' என்பார்கள், ஜெர்மானியர் 'மாகி' என்பார்கள். 1983-இல் இங்கே நூடுல்ஸாக வந்ததிலிருந்து நமக்கு அது மேகி. சூப் பாக்கெட்டில் 'நார்' என்று நாம் படிப்பதை ஜெர்மனியில் ககரத்தை விடாமல் 'க்னோர்' என்கிறார்கள். பாட்டா 1894-இல் இன்றைய செக் நாட்டின் ஸ்லின் நகரில் தொடங்கியது. அந்த ஊர்க்காரர் சொல்வது 'பாத்யா'வுக்குத்தான் நெருக்கம். அங்கே போய்ப் பாட்டா என்றால் எப்படியோ, இங்கே பாத்யா செருப்பு என்றால் கடைக்காரருக்கே புரியாது.

ஹூண்டாயைப் பாருங்கள். நம் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் அதே நிறுவனம், அமெரிக்காவில் தன் பெயரை 'சண்டே' போலச் சொல்லச் சொல்லி விளம்பரம் செய்தது. பிரிட்டனில் பல வருடம் வேறு மாதிரி ஒலித்த பெயரை 2023-இல் விளம்பரம் போட்டே மாற்றியது. விளம்பரத்தை யார் கேட்கப் போகிறார்களோ, அவர்களிடம் நிறுவனம் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறதோ, குரல் கொடுப்பவருக்கு அதுதான் சரி. அதற்கு மேல் ஆராய்ச்சி செய்ய ஆசையிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், ரெக்கார்டிங் முடிந்த பிறகு.

ஸ்கிரிப்டில் இருக்கும் எழுத்தை நம்புவது

காட்பரிக்கும் கோத்ரெஜுக்கும் தமிழில் ஒரே ககரம்தான். முன்னதில் 'கண்' என்பதில் வரும் ஒலி, பின்னதில் 'தங்கம்' என்பதில் வரும் ஒலி. கோத்ரெஜில் அடுத்து வரும் தகரமும் 'பந்து'வில் வருவது போல மென்மையானது. ஆங்கில எழுத்தைப் பார்த்து அதை டகரமாக்கி, காட்ரேஜ் பீரோ என்றே நம் வீடுகளில் பழகிவிட்டது. வீட்டில் அப்படிச் சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை. அப்பாவைத் திருத்தப் போகாதீர்கள். மைக் முன்னால் நிற்கும்போது மட்டும் அந்த எழுத்துக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் வந்ததும் அமெரிக்கர் மாதிரி பேசுவது

வேண்டாம்.

பழைய விளம்பரத்தை நினைவிலிருந்து பின்பற்றுவது

பிரிட்டனில் ஹூண்டாய் உச்சரிப்பு மாறியது போல இங்கேயும் நடக்கலாம். இப்போது எப்படிச் சொல்வது என்று நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

வாய்வார்த்தையோடு விட்டுவிடுவது

ஏஜென்சிப் பையன் தலையாட்டினால் போதாது. நிறுவனத்தின் மார்க்கெட்டிங் ஆளையே பெயரைச் சொல்லச் சொல்லி வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக வாங்குங்கள். ஜிங்கிள் ஏற்கெனவே இருந்தால் அதை ஹெட்போனில் ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். இந்தி விளம்பரத்தை அனுப்பி "இதே மாதிரி" என்றால், தமிழுக்கும் அதே உச்சரிப்புதானா என்று கேளுங்கள். அப்புறம் முதல் டேக்கை அனுப்பி, சரி என்று எழுத்தில் பதில் வரும்வரை டீலர் பதிப்புகளைத் தொடாதீர்கள்.