காலி வண்டியின் எண்களை நம்பி ஸ்டேஷன் வேகன் வாங்காதீர்கள்

காரின் விவரப் பட்டியலில் உள்ள எண்கள் பெரும்பாலும் காலியான வண்டிக்கு உரியவை. மிஞ்சிப்போனால் ஓட்டுநர் ஒருவர் உள்ளே இருப்பார். செடான் வாங்குபவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை, அது பெரும்பாலும் அப்படித்தான் ஓடுகிறது. கூரை பின்கதவு வரை நீண்டு, டிக்கியும் பயணிகள் இடமும் ஒன்றாக இருக்கும் ஸ்டேஷன் வேகனை வாங்குபவர் நினைப்பது வேறு: நான்கு பேர், அவர்களுடைய பெட்டிகள், சில நாள் கூரையில் ஒரு பெட்டி, சில நாள் பின்னால் ஒரு டிரெய்லர். பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் டூரிங், ஆடி ஏ4 அவாண்ட் (இப்போது ஏ5 என்ற பெயருக்கு மாறிவிட்டது), மெர்சிடிஸ் சி-கிளாஸ் எஸ்டேட், வால்வோ வி60 போன்ற காம்பாக்ட் பிரீமியம் வேகன்களைத் தேர்ந்தெடுக்கும்போது நேரும் தவறுகள் பல இங்கிருந்துதான் தொடங்குகின்றன. காலி வண்டியைப் படித்துவிட்டு, நிறைந்த வண்டியை ஓட்டப் போகிறோம்.

டிக்கியை லிட்டரில் மட்டும் அளப்பது

வி60-இன் டிக்கி 529 லிட்டர், 3 சீரிஸ் டூரிங் 500, சி-கிளாஸ் எஸ்டேட் 490. மெர்சிடிஸின் சிறிய வேகனான சிஎல்ஏ ஷூட்டிங் பிரேக்குக்கு (2019-இல் வந்த தலைமுறை) 505 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் சிஎல்ஏ, சி-கிளாஸைவிடப் பெரியதா? பின் இருக்கைகளை மடித்ததும் கதை மாறிவிடுகிறது. சி-கிளாஸ் 1,510 லிட்டர் கொள்ளும், சிஎல்ஏ 1,370-இல் நின்றுவிடும். கூரை பின்னோக்கிச் சரிவதால் மேல்பகுதி இடம் போய்விடுகிறது.

ஐரோப்பிய நிறுவனங்கள் டிக்கியை அளப்பது தண்ணீரால் அல்ல, கட்டைகளால். 200 × 100 × 50 மி.மீ. அளவுள்ள ஒரு கட்டை சரியாக ஒரு லிட்டர். இருக்கைகள் நிமிர்ந்திருக்கும்போது மேல்மூடி (டிக்கிக்குள் பொருள்களை மறைக்க இழுத்துவிடும் திரை) வரை அடுக்குவார்கள், மடித்தபின் கூரை வரை அடுக்குவார்கள். கட்டை சிறியது என்பதால் தரைக்கு அடியில் உள்ள குழி, சக்கர வளைவுக்குப் பின்னால் உள்ள பொந்து எல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும். உங்கள் பெட்டிக்கோ குழந்தை வண்டிக்கோ அந்தப் பொந்துகளால் பயனில்லை.

ஆகவே அளவு நாடாவோடு போங்கள். எடுக்க வேண்டிய அளவுகள் ஐந்து: மேல்மூடிக்குக் கீழ் தரையின் நீளம், இரு சக்கர வளைவுகளுக்கு இடையே அகலம், தரையிலிருந்து மேல்மூடி வரை உயரம், கதவுத் திறப்பின் உயரம், நிலத்திலிருந்து டிக்கி விளிம்பு வரை உயரம். பின்கதவின் சரிவையும் பாருங்கள். தரையில் 1 மீட்டர் நீளம் இருந்தாலும், 60 செ.மீ. உயரத்தில் சரிவு அதில் ஒரு பகுதியைத் தின்றிருக்கும். உயரமான பெட்டியைத் தள்ளிக் கதவை மூடும்போது கண்ணாடியில் இடிப்பது இதனால்தான். நீங்கள் அடிக்கடி ஏற்றும் மிகப் பெரிய பொருள் எதுவோ அதையே கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

பிளக்-இன் ஹைபிரிட் (எஞ்சினோடு, வெளியே செருகி சார்ஜ் செய்யும் பேட்டரியும் உள்ள வண்டி) என்றால் தனியாக எண்ணைக் கேளுங்கள். பேட்டரி தரைக்கு அடியில் உட்காருவதால் 330இ டூரிங்கின் டிக்கி 410 லிட்டராகவும், சி300இ எஸ்டேட்டின் டிக்கி 360 லிட்டராகவும் சுருங்கிவிடுகின்றன. விளம்பரத்தின் முதல் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் பெட்ரோல், டீசல் வண்டிகளின் எண்தான்.

எடைக் கணக்கைப் பார்க்காமலே விடுவது

இதுதான் ஆபத்தான தவறு. டிக்கியில் இடம் இருக்கிறது என்பதற்காக வண்டி அதைத் தாங்கும் என்று பொருளில்லை.

வெற்று எடையை இரண்டு விதமாக எழுதுவார்கள். ஐரோப்பிய ஒன்றிய முறையில் ஓட்டுநருக்காக 75 கிலோ அதற்குள்ளேயே சேர்ந்திருக்கும். ஜெர்மனியின் தர அமைப்பான டின் (DIN) வகுத்த பழைய முறையில் ஓட்டுநர் இல்லை. ஒரு பட்டியலில் ஒரு முறையையும் இன்னொன்றில் மற்றதையும் பார்த்து ஒப்பிட்டால், அங்கேயே 75 கிலோ பிசகிவிடும்.

ஓர் உதாரணக் கணக்கு. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,150 கிலோ, ஓட்டுநரோடு வெற்று எடை 1,640 கிலோ. மீதி 510. பெரிய கண்ணாடிக் கூரை, மின்சார இருக்கைகள், டிரெய்லர் கொக்கி என்று விருப்பக் கருவிகளுக்கு 60 கிலோ போனால் 450. இன்னும் நான்கு பெரியவர்கள் ஏறினால், ஆளுக்கு 75 கிலோ வீதம் 300 போகும். மிஞ்சுவது 150. டிரெய்லரின் மூக்கு கொக்கியின்மேல் 75 கிலோ அழுத்தினால் அதுவும் இந்த வண்டியின் கணக்கில்தான் சேரும். கடைசியில் பெட்டிகளுக்கு 75 கிலோ. 500 லிட்டர் டிக்கியில் அதைத் தாண்டுவது மிக எளிது.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சின் வரம்பு மீறிப்போவதுண்டு. கொக்கி பின் அச்சுக்கு ஏறத்தாழ 1.1 மீட்டர் பின்னால் இருக்கிறது, அச்சுகளுக்கு இடையே 2.85 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றமரம் போல வேலை செய்து, கொக்கியில் வைத்த 75 கிலோ பின் அச்சில் 104 கிலோவாக விழும், முன் அச்சில் 29 கிலோ குறையும். பின்பக்கம் தாழ்ந்து ஸ்டியரிங் லேசாகிவிட்டது போலத் தோன்றுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். எனவே கனமான பொருள் எதுவானாலும் பின் இருக்கையின் முதுகை ஒட்டித் தரையோடு இருக்கட்டும். கதவோரத்தில் வேண்டாம்.

கட்டுவதையும் தள்ளிப்போடாதீர்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கில் நின்றால், 20 கிலோ பெட்டி ஏறத்தாழ 280 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னால் பாயும். டிக்கி மேல்மூடி அதைத் தடுக்காது. அது வெயிலையும் பார்வையையும் மறைக்க வைத்தது. தரையிலுள்ள வளையங்களில் பட்டை போட்டுக் கட்ட வேண்டும், மேல்மூடிக்கு மேலே அடுக்கினால் தடுப்பு வலை மாட்ட வேண்டும்.

கூரைச் சுமை இந்த வகைக் கார்களில் பொதுவாக 75 முதல் 100 கிலோ வரை. குறுக்குக் கம்பிகளும் பெட்டியும் அந்த எண்ணுக்குள்தான் அடங்கும். அவற்றுக்கே 20, 25 கிலோ போய்விடலாம்.

பெரிய ரிம்மில் மயங்குவது

ஓட்டும் சுபாவத்தை மாற்றுவதில் எஞ்சினைவிட டயருக்குப் பங்கு அதிகம் என்றே சொல்வோம். ஒரே வண்டிக்கு 225/50 ஆர்17, 225/45 ஆர்18, 225/40 ஆர்19 என்று மூன்று அளவுகள் கிடைக்கும் (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.யில், அடுத்தது பக்கச் சுவர் அதில் எத்தனை சதவீதம், கடைசி எண் ரிம் எத்தனை அங்குலம்). வெளிவிட்டம் மூன்றிலும் ஏறக்குறைய 66 செ.மீ.தான். பக்கச் சுவரின் உயரமோ 112 மி.மீ., 101 மி.மீ., 90 மி.மீ. என்று இறங்கிக்கொண்டே போகிறது. 17-இலிருந்து 19-க்குப் போகும்போது குழியின் அடியை வாங்கிக்கொள்ளும் ரப்பரில் 2 செ.மீ.க்கு மேல் இழக்கிறீர்கள். ஸ்டியரிங் திருப்பியதும் வண்டி சட்டென்று திரும்பும், உண்மை. அதோடு ரிம் வளைவது, டயர் பக்கவாட்டில் புடைப்பது, பின் இருக்கையில் இருப்பவர் குலுங்குவது எல்லாம் சேர்ந்தே வரும்.

காற்று போனாலும் ஓடும் ரன்-பிளாட் டயர் போட்ட வண்டியில் இது இன்னும் கூடும். பக்கச் சுவரே எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் அது தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கும். 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. தூரம் போகும் வசதிக்குக் கொடுக்கும் விலை அது. நமக்குத் தெரிந்தவரை குடும்பத்தோடு ஓடும் வேகனுக்கு 18 அங்குலமே போதும். சாலைக்கேற்பத் தன் விறைப்பை மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் ஷாக் அப்சார்பர் இல்லாத வண்டிக்கு 17 இன்னும் இதம்.

டயர் மாற்றும்போது நடக்கும் தவறு வேறு. அளவைப் பார்த்து வாங்குவார்கள், அதற்குப் பின்னால் உள்ள சுமை எண்ணை விட்டுவிடுவார்கள். 225/45 ஆர்18 அளவிலேயே 91 என்ற டயர் 615 கிலோ தாங்கும், 95 என்ற டயர் 690 கிலோ தாங்கும். அச்சுக்கு இரண்டு டயர் என்றால் வித்தியாசம் 150 கிலோ. வேகனின் பின் அச்சுக்கு இது சின்ன விஷயமே இல்லை. பதிவுச் சான்றிலோ கையேட்டிலோ உள்ள எண்ணுக்குக் குறையக் கூடாது.

காற்றழுத்த ஒட்டுத்தாளில் இரண்டு வரிசை இருக்கும்: குறைந்த சுமைக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. முழுச் சுமைக்குப் பின் டயரில் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டச் சொல்லியிருப்பார்கள். அதைச் செய்யாமல் நெடுஞ்சாலையில் போனால் டயர் சூடேறும், வளைவில் பின்பக்கம் நெளியும். பயணம் முடிந்ததும் பழைய அழுத்தத்துக்கு இறக்கிவிடுங்கள்.

குதிரைத்திறனையும் 0–100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரத்தையும் வைத்து எஞ்சினைத் தீர்மானிப்பது

முதலில் அலகு. 140 கிலோவாட் என்பதும் 190 பிஎஸ் என்பதும் 188 பிஎச்பி என்பதும் ஒரே எஞ்சின்தான். பட்டியல்களைக் கலந்து படித்தால் இல்லாத வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது டார்க், அதாவது எஞ்சினின் சுழற்றும் விசை. 3 சீரிஸில் 320டி டீசல் 190 பிஎஸ், 320ஐ பெட்ரோல் 184 பிஎஸ். காகிதத்தில் இரட்டையர்கள். டீசலுக்கு 400 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 1,750 சுற்றிலிருந்து. பெட்ரோலுக்கு 300, 1,350 முதல் 4,000 சுற்று வரை. காலி வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஓடும். 400 கிலோ ஏற்றி மேட்டில் ஏறும்போது டீசல் அதே கியரில் போகும், பெட்ரோல் ஒரு கியர் இறங்கி உறுமும். பெட்ரோல் மோசம் என்று சொல்லவில்லை. குறுந்தூரம் மட்டுமே போகும் டீசலில் புகை வடிகட்டி எரிந்து சுத்தமாகும் அளவுக்குச் சூடேறாமல் அடைத்துக்கொள்ளும், அப்படிப்பட்டவருக்குப் பெட்ரோலே சரி. நீங்கள் பார்க்க வேண்டியது 80–120 கி.மீ. முந்தும் நேரத்தை, அதையும் ஆட்களோடு.

பிளக்-இன் ஹைபிரிடின் எரிபொருள் எண், சார்ஜ் நிரம்பிய ஓட்டத்தையும் சேர்த்துச் சராசரியாக்கிய எண். தினமும் சார்ஜ் போடாதவருக்கு அது பொருந்தாது. சாதாரண வண்டிகளிலும், எரிபொருள் செலவை அளக்கும் பழைய சோதனை முறையான என்.இ.டி.சி. எண்ணையும் 2017 செப்டம்பரில் தொடங்கிய புதிய முறையான டபிள்யூ.எல்.டி.பி. எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். பழையது எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பது சுமையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று. வி60-இலும் சிஎல்ஏ-யிலும் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுக்கிறது. ஏ4 அவாண்டில் எஞ்சின் நீளவாக்கில் இருந்தாலும் முன் அச்சுக்கு முன்னால் தள்ளி இருப்பதால் மூக்குக் கனம். 3 சீரிஸும் சி-கிளாஸும் பின்சக்கரத்தால் ஓடுபவை. டிக்கி நிரம்பி, மேட்டில், ஈரச் சாலையில் கிளம்பும்போது எடை பின்னால் போகிறது. முன்சக்கர வண்டி அந்த நேரத்தில் சுழன்று திணறும், பின்சக்கர வண்டிக்குப் பிடி கூடும். நான்கு சக்கர இயக்கம் கிளம்புவதற்கு உதவும். பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தை அது குறைக்காது.

தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது

பின் இருக்கையில் இரண்டு பேரையாவது ஏற்றுங்கள், டிக்கியில் 50 கிலோ வையுங்கள். உடைந்த சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போய், மேட்டில் ஏறி இறங்கியபின் பின்பக்கம் ஒரு முறை எழுந்து அடங்குகிறதா, இரண்டு மூன்று முறை ஆடுகிறதா என்று கவனியுங்கள். பாலத்து இணைப்புகளில் 80-இல் போங்கள். வேகனில் டிக்கியும் பயணிகள் இருக்குமிடமும் ஒரே அறை என்பதால் பின்சக்கரச் சத்தம் உள்ளே வந்து எதிரொலிக்கும். மேல்மூடியைத் திறந்தும் மூடியும் கேட்டால் வித்தியாசம் தெரியும். பின் இருக்கையில் நீங்களே பத்து நிமிடம் உட்கார்ந்து வாருங்கள்.

பழைய வண்டி என்றால் சுமையின் தடத்தைத் தேடுங்கள். பின் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் பின்சக்கரக் கோணமோ, சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களோ போயிருக்கலாம். தரைக் கம்பளத்தைத் தூக்கிக் குழியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பின்விளக்கின் ரப்பர் வழியாகவும் கண்ணாடிக் கூரையின் வடிகால் குழாய் வழியாகவும் தண்ணீர் அங்கே வந்து சேரும். பின்கதவைப் பத்து முறை திறந்து மூடுங்கள். கீலருகே ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர்கள் வளைந்து வளைந்து அறுந்திருந்தால் பின் வைப்பரோ, எண் பலகை விளக்கோ, கதவுப் பூட்டோ விட்டுவிட்டு வேலை செய்யும். டிரெய்லர் கொக்கி வண்டி வாங்கிய பிறகு மாட்டப்பட்டது என்றால், அதை வண்டியின் கணினியில் பதிவு செய்திருக்கிறார்களா என்று ஒர்க்‌ஷாப்பில் காட்டிக் கேளுங்கள். பதிவில்லாவிட்டால் டிரெய்லர் ஆடும்போது அடக்கும் வசதி இருந்தும் இயங்காது.