ஆயில் இன்ஜினுக்கு முதுகைக் காட்டும் மைக்: வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

திருவையாற்றுப் பக்கம் வாய்க்கால் கரையில் ஆயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் சித்தப்பாவுக்கு எனக்குப் போன் செய்யத் தோன்றும். "விதை நெல்லு" என்கிறாரா, "வித்த நெல்லு" என்கிறாரா என்று எனக்குப் பிடிபடாது. அவருக்காகச் செய்ததுதான் இந்தத் திசை மைக். மின்னணு வேலை தெரியாதவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தத் திசை மைக் முன்னால் வரும் குரலைக் கூட்டிக் கேட்பதில்லை. பின்னால் வரும் சத்தத்தை அழிக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மைக்கை முன்னும் பின்னுமாக வைத்தால், பின்னாலிருந்து வரும் ஒலி பின் மைக்கை முதலில் தொடும், சற்றுப் பொறுத்து முன் மைக்கைத் தொடும். அந்தச் சற்று நேரத்துக்குப் பின் மைக்கின் ஒலியைத் தாமதப்படுத்தி, முன் மைக்கிலிருந்து கழித்துவிட்டால் இரண்டும் சமமாகி ஒழிந்துவிடும். முன்னாலிருந்து வரும் குரலுக்கு இந்தக் கணக்கு ஒத்துப்போகாது. அதனால் அது தப்பிவிடும்.

தேவையானவை: ஐஎன்எம்பி441 மைக் போர்டு இரண்டு, ஈஎஸ்பி32 போர்டு (மைக்கின் ஒலியை வாங்கி லேப்டாப்புக்கு அனுப்பும் குட்டிக் கணினி) ஒன்று, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல், கொஞ்சம் ஒயர், லேப்டாப்.

படி 1: இடைவெளி

மைக் ஒலியை அளந்து எண்ணாக்கும் ஒவ்வொரு அளவீட்டுக்கும் மாதிரி என்று பெயர். நொடிக்கு 16,000 மாதிரி எடுத்தால் ஒரு மாதிரிக்கு 62.5 மைக்ரோ நொடி. நம் ஊர் வெயிலில், 35 டிகிரியில், ஒலி நொடிக்குச் சுமார் 352 மீட்டர் போகும். அந்த 62.5 மைக்ரோ நொடியில் அது கடக்கும் தூரம் 22 மில்லிமீட்டர். எனவே ஒலித் துளைகள் இரண்டுக்கும் நடுவே ஸ்கேலில் சரியாக 22 மி.மீ. விடுங்கள். தாமதம் ஒரே ஒரு மாதிரியாக அமைந்துவிடும், கணக்கு சுலபம். ஒலித் துளை சிப் இருக்கும் பக்கத்தில் இல்லை, போர்டின் மறுபக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டுங்கள்.

படி 2: ஒயரிங்

இரண்டு மைக்குக்கும் 3.3 வோல்ட். கிளாக் உள்ளிட்ட மூன்று சிக்னல் கால்களையும் இரண்டு போர்டுக்கும் பொதுவாக இணைக்கலாம். இடது-வலது தேர்வுக் காலை முன் மைக்கில் கிரவுண்டிலும், பின் மைக்கில் 3.3 வோல்ட்டிலும் கொடுங்கள். இரண்டு சேனலையும் 16 பிட்டாக, நொடிக்கு 921600 பிட் வேகத்தில் லேப்டாப்புக்கு அனுப்பிப் பதிவுசெய்யுங்கள். முன் மைக்கை விரலால் தட்டி, எந்தச் சேனல் துள்ளுகிறது என்று பாருங்கள். இடம் மாறியிருந்தால் சித்தப்பா அழிந்து இன்ஜின் மிஞ்சும்.

படி 3: இரண்டையும் சமப்படுத்துதல்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். எனக்கு இரண்டு நாள் இதில்தான் போனது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினாலும் இரண்டு மைக்கும் ஒரே அளவில் கேட்காது. 300 ஹெர்ட்ஸில் கழித்த பிறகு நம் குரலே கால் பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். அங்கே மைக்குகளுக்குள் ஒரு டெசிபல் வித்தியாசம் இருந்தாலும், பின்னால் வரும் சத்தம் குரலில் பாதி அளவுக்கு உள்ளே வந்துவிடும். இன்ஜின் உறுமலும் அந்தக் கீழ்ச் சுருதியில்தானே இருக்கிறது! ஸ்கேலுக்குப் பக்கவாட்டில், இரண்டு மைக்குக்கும் சமதூரத்தில், ஒரு மீட்டர் தள்ளி, நிலையம் பிடிக்காத ரேடியோவின் இரைச்சலை ஓடவிடுங்கள். இரண்டு சேனலின் சராசரி அளவையும் ஒப்பிட்டு, பின் சேனலை அந்த விகிதத்தால் பெருக்கிச் சமமாக்குங்கள்.

படி 4: கழித்தல்

முன் மைக்கின் இப்போதைய மதிப்பிலிருந்து, பின் மைக்கின் முந்தைய மதிப்பைக் கழியுங்கள். கேட்டால் குரல் கீச்சென்று, தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல இருக்கும். பயப்படாதீர்கள், கழித்தலில் கீழ்ச் சுருதி மெலிவது இயல்பு. வந்த விடையோடு, இப்படிக் கூட்டிக் கிடைத்த முந்தைய வெளியீட்டின் 0.9 பங்கைக் கூட்டிக்கொண்டே போங்கள். குரல் தடித்துவிடும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள், பேச்சுக்கு அது தேவையில்லை.

படி 5: வயலில் சோதனை

மோட்டார் கொட்டகைக்குள் நின்று சோதிக்காதீர்கள். சுவரில் பட்டு இரைச்சல் எல்லாப் பக்கமிருந்தும் வரும். அப்படிப்பட்ட இடத்தில் இந்த மைக்கால் குறைக்க முடிவது சுமார் 5 டெசிபல்தான். பத்தடி வெளியே வந்து, இன்ஜினைப் பார்த்தபடி நின்று, முன் மைக்கை வாயருகே பிடியுங்கள். அப்போது மைக்கின் முதுகு இன்ஜினைப் பார்க்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவது நம் பழக்கம், இங்கே அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பின் துளையை விரலாலோ டேப்பாலோ மூடிவிடாதீர்கள். 1939-இல் ஷூர் நிறுவனத்தின் பெஞ்சமின் பாவர் இதே தாமதத்தை ஒரே மைக் தலைக்குள், பின்பக்கத் துளைகளின் வழியே கொண்டுவந்தார். திருவிழா மேடையில் பாடுபவர் மைக்கின் வலையை உள்ளங்கையால் பொத்தினால் 'கூ' என்று ஊளையிடும் இல்லையா? துளை அடைபட்டதும் அது எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கி, ஸ்பீக்கர் சத்தத்தையே திரும்ப வாங்கிக்கொள்கிறது.

காற்றுக்கு மட்டும் இந்தக் கழித்தல் உதவாது. காற்று இரண்டு துளையிலும் வெவ்வேறு விதமாக மோதுவதால் ஒழியாது, படி 4-இல் தடிக்கவைத்தபோது இன்னும் பெருகும். ஆடிக் காற்றில் பேச வேண்டுமானால் ஸ்கேல் முழுவதையும் மெல்லிய பஞ்சு ஸ்பான்ஜால் உறைபோல மூடுங்கள். ஒலி அதற்குள் தாராளமாகப் போகும்.