குழந்தைக் கதைக்கு ஒரு நண்டு போதும்

பிள்ளைகளுக்குக் கதை எழுத நினைப்பவர்கள் இயற்கை என்று பொதுவாக யோசிக்காமல், ஒரே ஓர் உயிரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் விசித்திரமான பழக்கம்தான் கதை.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. தண்ணீர் வடிந்த நேரத்தில் சேற்றோரம் பாருங்கள். ஆண் பிடில் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் ரொம்பப் பெரிது. அதை ஆட்டி ஆட்டித் துணையைக் கூப்பிடும். ஆனால் சாப்பிடுவது சின்னக் கொடுக்கால் மட்டும்தான். இவ்வளவு பெரிய கை இருந்தும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட முடியாத ராஜா! தேவதைக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தக் காட்டின் சுரபுன்னை மரத்து விதையோ மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, அப்புறம்தான் கீழே விழும். அம்மாவை விட்டு இறங்க மறுக்கும் பிள்ளையாக அதை எழுதலாம்.

பாட்டு என்றால் வரிக்கு இரண்டு மூன்று சொல் போதும். இரட்டைக் கிளவியைத் தாராளமாகப் போடுங்கள், பிள்ளைகளுக்கு அது உயிர்.

ஒத்தக் கொடுக்கு நண்டாரே
எங்கே ஓடிப் போறீரே?
தண்ணி ஏறுது சலசல
வளைக்குள் ஓடும் குடுகுடு!

கைதட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். நாக்கு இடறும் சொல்லை அங்கேயே மாற்றிவிடுங்கள். கடைசியில் நீதியை மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள்.