தூக்கம் வரவில்லையா? முதலில் படுக்கும் நேரத்தைக் குறையுங்கள்

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு இரவுத் தூக்கம் போய்விட்டது. மதுரை செல்லூரில் எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கே பாயை விரித்துவிடுவார். "நேற்று பொட்டுக் கண் மூடவில்லை, இன்றைக்காவது நேரத்தோடு படுக்கிறேன்" என்பார். பன்னிரண்டு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தால், மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பார். அந்த நேரத்தோடு படுக்கும் பழக்கம்தான் அவருடைய நோயை வளர்த்தது என்று எங்களுக்குப் புரிய எட்டு மாதமாயிற்று. உங்கள் வீட்டில் அத்தனை நாள் ஆகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, பகல் வேலையும் பாதிக்கப்பட்டு, அது மூன்று மாதம் நீடித்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். தொடங்கிவைக்கும் காரணம் வேறு, தொடரவைக்கும் காரணம் வேறு. துக்கம், கடன், பிரசவம் போன்றவை தொடங்கிவைக்கும். சீக்கிரம் படுப்பது, மதியம் தூங்கி ஈடுகட்டுவது, விழித்தபடி பாயிலேயே கிடப்பது ஆகியவை தொடரவைக்கும். கீழே உள்ள படிகள் இந்த இரண்டாவது வகையைச் சரிசெய்பவை. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின், அதாவது தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சையின், முக்கியப் பகுதிகள் இவை. பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது.

படி 1: மருத்துவரைப் பாருங்கள். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, படுத்தவுடன் கால் குடைச்சல், தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றுக்குச் சிகிச்சையே வேறு. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்களும், லாரி, பஸ் ஓட்டுபவர்களும் மூன்றாவது படியைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

படி 2: இரண்டு வாரம் எழுதிவையுங்கள். படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், நடுவில் விழித்தது, எழுந்த நேரம் ஆகியவற்றைக் காலையில் குத்துமதிப்பாக எழுதினால் போதும். இரவில் கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். அம்மா தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதினார்.

படி 3: கணக்கிடுங்கள். சிகிச்சையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். அம்மா ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தார். பாயில் இருந்தது ஒன்பது மணி நேரம். தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம். ஐந்தரையை ஒன்பதால் வகுத்து நூறால் பெருக்கினால் 61 சதவீதம். இது 85ஐத் தாண்ட வேண்டும். அதற்குத் தூங்கிய அளவு நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க வேண்டும். ஆனால் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. தண்ணீர் பிடிக்க ஐந்து மணிக்கு எழுவது என்று அம்மா முடிவு செய்தார். அப்படியானால் படுப்பது பதினொன்றரைக்கு!

"தூக்கம் இல்லாதவளை இன்னும் விழித்திருக்கச் சொல்கிறாயே" என்று கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம்தான். ஆனால் விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத்தான் உடலில் தூக்கப் பசி சேரும். முதல் பத்து நாள் பகலில் கண்ணைக் கட்டும். அந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள், வயதானவர்கள் மாடிப்படியில் பார்த்து இறங்கட்டும். மதியத் தூக்கமும் கூடாது.

பதினொன்றரை வரை என்ன செய்வது? அம்மா கால் கிலோ மல்லி மொட்டை முறத்தில் கொட்டி, மங்கலான விளக்கில் சரம் கட்டினார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், வாழை நாரில் ஒரு சுற்று. பத்து மணிக்கு மேல் அவர் கையிலேயே மொட்டுகள் அவிழத் தொடங்கும். செல்போன் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

படி 4: பாய் தூங்குவதற்கு மட்டும். ஏறக்குறைய இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள். கண் சொருகும்போது திரும்பி வாருங்கள். படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மனம் பழகிவிட்டதை இது மாற்றும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் மாறக் கூடாது.

படி 5: வாரம் 15 நிமிடம் கூட்டுங்கள். சராசரி 85 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும். இரண்டு வாரத்துக்குப் பிறகு அம்மா கூட்டத் தொடங்கினார். ஆறாவது வாரத்தில் பத்தரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தார்.

சாயங்காலம் டீ, காபி வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரமானாலும் அதிலுள்ள காஃபீனில் பாதியளவு உடலில் இருக்கும்.

மாத்திரையைப் பற்றி ஒன்று. தெரிந்தவர் தந்தார் என்று தூக்க மாத்திரை போடாதீர்கள். பல மாதம் போட்டவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. சில வகைகளில் வலிப்பே வரலாம். மருத்துவர் சொல்படி சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

நடுவில் ஓரிரவு கெட்டால் கணக்கை மாற்றாதீர்கள். அப்பாவின் திதியன்று அம்மாவுக்கு இரண்டு மணிவரை தூக்கம் வரவில்லை. மறுநாள் இரவு ஒன்பது மணிக்குப் பாயை எடுக்கப் போகிறாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் முறத்தை எடுத்தார்.