ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையோடு கொழும்புக்கு வருகிறீர்களா? பாடத் தெரிவைப் பற்றி முதலில் இதைப் படியுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வேலை மாற்றலாகிக் கொழும்புக்கு வரும் குடும்பங்கள் வீட்டு வாடகை, வீசா, கேஸ் சிலிண்டர் என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பிள்ளை எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிறது என்றால் முதலில் கேட்க வேண்டியதைக் கடைசியில்தான் கேட்பார்கள், அதுவும் பள்ளிக்கூடத்தில் படிவத்தைக் கையில் கொடுத்த பிறகு. நம்மூரில் பத்தாவது வரை தெரிவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், முடிந்தது கதை. பதினொன்றில் 'என்ன குரூப்' என்பதுதான் வீட்டில் நடக்கும் முதல் சண்டை. இங்கே அந்தச் சண்டை ஓரிரு வருஷம் முன்னாலேயே வந்துவிடும், நமக்கு அதில் பழக்கம் இல்லை.

யாரிடம் விசாரித்தாலும் முதலில் "லோக்கலா, லண்டனா?" என்றுதான் கேட்பார்கள். லோக்கல் என்றால் இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் நடத்தும் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரம், பேச்சில் ஓ/எல். தரம் 10, 11, அதாவது பத்தாம், பதினோராம் வகுப்பு, இரண்டும் அதற்கான படிப்பு. லண்டன் என்றால் இன்டர்நேஷனல் பள்ளிகளில் எழுதும் எடெக்செல் அல்லது கேம்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் வாரியங்களின் பரீட்சை, ஐஜிசிஎஸ்இ என்பதும் இதுதான். இரண்டிலும் அதற்கு மேல் இரண்டு வருஷம் ஏ/எல், அதாவது உயர்தரம். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், நம்மூரில் பள்ளிப் படிப்பு 12 வருஷம், இங்கே 13. ஒரு வருஷம் வீணாகிறதே என்று சில அப்பாக்கள் குமுறுவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த ஒரு வருஷம் புது ஊரில் தடுமாறும் பிள்ளைக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, எந்தப் பாடம்? அதற்கு முன்னால் வேறொன்றை முடிவு செய்யுங்கள். பரீட்சை முடிந்ததும் பிள்ளை எந்த ஊரில் படிக்கப் போகிறது? பாடத் தெரிவு அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். இரண்டு வருஷத்தில் ஊருக்குத் திரும்பப் போகிறவர் ஒரு விதமாகவும், இங்கேயே வேரூன்றப் போகிறவர் வேறு விதமாகவும் தெரிவு செய்ய வேண்டும். பக்கத்து ஃபிளாட் அன்ரியின் மகள் எடுத்தாள் என்பதற்காக அதே பாடங்களை எடுப்பவர்கள்தான் கொழும்பில் தமிழர்கள் நிறைந்த வெள்ளவத்தையில் பாதிப் பேர்.

இங்கேயே இருக்கப் போகிறீர்கள், பிள்ளை இலங்கை அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்றால் வழி லோக்கல்தான், ஏனென்றால் அந்த அனுமதி பெரும்பாலும் உள்நாட்டு ஏ/எல் பரீட்சையின் இசட் புள்ளியை (பாடங்களைச் சமன் செய்து கணக்கிடும் மதிப்பெண்) வைத்துத்தான். ஊருக்குத் திரும்பப் போகிறவர்களும், பிள்ளையை வேறு நாட்டுக்கு அனுப்பும் யோசனை உள்ளவர்களும் பெரும்பாலும் லண்டன் பக்கம் போகிறார்கள்.

லோக்கலில் மொத்தம் ஒன்பது பாடம். அதில் ஆறு கட்டாயம்: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. ஏ/எல் படிக்கத் தகுதி வேண்டுமானால் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடத்தில் சித்தி, அதாவது தேர்ச்சி, அதில் குறைந்தது மூன்று பாடத்திலாவது 'சி' அல்லது அதற்கு மேல். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு தெரிவுப் பாடங்களைப் பாருங்கள், அப்போதுதான் அவற்றின் அருமை தெரியும். புதிதாக வந்த பிள்ளைக்குக் கட்டாயப் பாடங்களிலேயே இரண்டு மலை காத்திருக்கிறது. ஒன்று வரலாறு, அநுராதபுரம், பொலன்னறுவை என்று இங்குள்ள பிள்ளைகள் ஆறாம் தரத்திலிருந்து படித்து வந்ததை நம் பிள்ளை ஒரே மூச்சில் விழுங்க வேண்டும். மற்றது தமிழ் மீடியத்து விஞ்ஞானப் புத்தகம். ஆக்சிஜன் அங்கே ஒட்சிசன், ஹைட்ரஜன் ஐதரசன், இயற்பியல் பௌதிகவியல். ஒரு தவணை (பள்ளிப் பருவம்) முடிவதற்குள் பழகிவிடும், ஆனால் முதல் மாதப் பரீட்சையில் மார்க் குறைந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். சில பள்ளிகளில் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் படிக்கும் இருமொழி வகுப்பு உண்டு, மெட்ரிக் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு அது சுலபம். கணக்கில் கவலை வேண்டாம். கால்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணைதான், அதாவது நம் பிள்ளைகளுக்குப் பழகிய களம். சமயப் பாடம் இந்துப் பிள்ளைகளுக்குச் சைவநெறி, வைணவக் குடும்பமானாலும் தேவாரமும் நாயன்மாரும்தான், பெருமாள் பொறுத்துக்கொள்வார்.

மீதி மூன்றும் மூன்று தொகுதியிலிருந்து, தொகுதிக்கு ஒன்று.

முதல் தொகுதியில் வணிகக் கல்வியும் கணக்கீடும் (அக்கவுண்டன்சி), புவியியல், குடியுரிமைக் கல்வி, இரண்டாம் மொழியாகச் சிங்களம், அப்புறம் பிரெஞ்சு, ஹிந்தி, ஜப்பான் மொழி என்று பட்டியல் நீளும். பட்டியலில் இருப்பதெல்லாம் உங்கள் பள்ளியில் இருக்காது, ஆசிரியர் இருக்கிற பாடம்தான் பாடம். இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி, சிங்களத்தை எடுக்கலாமா? ஊரில் வாழ்வதற்குச் சிங்களம் கட்டாயம் கற்றுக்கொடுங்கள், பேருந்திலும் கடையிலும் அலுவலகத்திலும் வேண்டும். ஆனால் பரீட்சைப் பாடமாக எடுப்பது வேறு விஷயம். தமிழ் மீடியத்துப் பிள்ளைகள் கீழ் வகுப்புகளிலேயே சிங்களம் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டுதான் பத்தாம் தரத்துக்கு வருகிறார்கள். எழுத்துகூடத் தெரியாமல் பத்தில் வந்து சேரும் பிள்ளை அவர்களோடு ஓட முடியாது. ஆறு, ஏழில் வந்த பிள்ளை என்றால் தாராளமாக எடுக்கட்டும். மற்றவர்களுக்கு நான் சொல்வது புவியியல். ஊரில் படித்ததில் பாதியாவது அங்கே உதவும். ஏ/எல்லில் வர்த்தகம் படிக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் கணக்கீடு.

இரண்டாம் தொகுதியில்தான் புதிதாக வருபவர்களுக்கு அதிர்ஷ்டம். கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், சித்திரம், நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம், ஆங்கில இலக்கிய நயம் எல்லாம் இதில். நம்மூரில் ஐந்து வயதிலிருந்து பாட்டு கிளாஸுக்கும் பரத கிளாஸுக்கும் கூட்டிப் போய், ஒன்பதாவது வந்ததும் 'இனிமேல் படிப்பைக் கவனி' என்று நிறுத்திவிடுவோமே, அந்தப் பாட்டும் நடனமும் இங்கே மார்க் வாங்கித் தரும் பாடம். எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையும் தனியாக நடக்கும். அரங்கேற்றம் வரை போன பெண் இதை விட்டுவிட்டு வேறெதையோ எடுத்துத் திணறுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆனால் எழுத்துப் பகுதியை லேசாக நினைக்க வேண்டாம், ஆடத் தெரிந்தால் போதாது, அடவும் முத்திரையும் தாளமும் எழுதத் தெரிய வேண்டும். நாடகமும் அரங்கியலும் எடுத்தால் வடமோடி, தென்மோடி என்ற ஈழத்துக் கூத்து வகைகள் என்று நமக்கு முற்றிலும் புதிய உலகம் திறக்கும், நல்ல ஆசிரியர் கிடைத்தால் பிள்ளை அதிலேயே மூழ்கிவிடும். கதைப் புத்தகம் கையை விட்டு இறங்காத பிள்ளைக்கு இலக்கிய நயம்.

மூன்றாம் தொகுதியில் எல்லோரும் ஓடுவது தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலுக்கு, அதாவது ஐசிடி. தப்பில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவதும் இதுவும் ஒன்றல்ல. இரும எண், தர்க்கப் படலை (லாஜிக் கேட்), பாய்ச்சற் கோட்டுப்படம் (ஃப்ளோசார்ட்) என்று கணக்கு மூளை கேட்கும். அது வராத பிள்ளைக்குச் சுகாதாரமும் உடற்கல்வியும் அல்லது மனைப் பொருளியல் எடுத்தால் நிம்மதி. அதெல்லாம் 'கெட்டிக்காரப் பிள்ளைகள் எடுக்காத பாடம்' என்று யாராவது மூக்கைச் சுளித்தால் கண்டுகொள்ளாதீர்கள், சான்றிதழில் 'ஏ' எல்லாம் ஒரே 'ஏ'தான்.

பாடப் புத்தகங்களுக்குக் கவலையில்லை, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். வருவதற்கு முன்னாலேயே பத்தாம் தரப் புத்தகங்களை இறக்கிப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு முகத்தைப் பாருங்கள், எந்தப் பாடம் என்பது பாதி தெரிந்துவிடும்.

இப்போது லண்டன். இங்கே கட்டாயம் என்பதைப் பள்ளிதான் முடிவு செய்கிறது, பெரும்பாலும் கணிதம், ஆங்கிலம், ஏதாவது ஒரு வகையில் விஞ்ஞானம். மீதிக்கு ஒரு தாளைக் கொடுப்பார்கள். நாலைந்து பத்தி போட்டிருக்கும், ஒவ்வொரு பத்தியிலும் ஒரு பாடத்துக்கு மட்டும் டிக் போட வேண்டும். கணக்கீடும் உயிரியலும் ஒரே பத்தியில் இருந்தால் இரண்டில் ஒன்றுதான். எந்தப் பத்தியில் எது என்பதற்குப் பெரிய தத்துவமெல்லாம் கிடையாது, அந்த வருஷத்து நேர அட்டவணை அவ்வளவுதான், ஆகவே பேசிப் பார்க்கலாம், சில நேரம் மாற்றியும் கொடுப்பார்கள். போதிய பிள்ளைகள் சேராத பாடத்தை வகுப்பு தொடங்கியபின் கைவிடுவதும் உண்டு, அதனால் இரண்டாவது விருப்பத்தையும் யோசித்துவிட்டே டிக் போடுங்கள்.

விஞ்ஞானத்தில்தான் பெற்றோர் அதிகம் குழம்புகிறார்கள். எடெக்செல்லில் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் மூன்றையும் தனித்தனியாக எடுத்தால் பாடத்துக்கு இரண்டு வினாத்தாள், மொத்தம் ஆறு. டபுள் அவார்ட் என்று எடுத்தால் மூன்றிலும் முதல் தாள் மட்டும், கிடைப்பது இரண்டு பாடத்துக்கான தரம். டாக்டர், இன்ஜினியர் பேச்சு வீட்டில் கொஞ்சமாவது இருந்தால் தனித்தனியாகவே எடுங்கள். நீட் எழுத உயிரியல், இரசாயனம், பௌதிகம் மேல்வகுப்பில் வேண்டும், தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குக் கணிதம், பௌதிகம், இரசாயனம் வேண்டும். ஏ/எல்லில் அவற்றைத் தொட வேண்டுமானால் அடித்தளம் இங்கே. இதில் ஆர்வமே இல்லாத, வர்த்தகமோ சட்டமோ போகப்போகிற பிள்ளைக்கு டபுள் அவார்ட் போதும், மிச்சமாகும் நேரத்தில் பொருளியலோ இலக்கியமோ படிக்கட்டும்.

கணிதத்தில் ஒரு பொறி இருக்கிறது. எடெக்செல் கணிதம் 'ஏ'யில் ஃபவுண்டேஷன், ஹையர் என்று இரண்டு நிலை. தரம் 9 உச்சம், ஆனால் ஃபவுண்டேஷன் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் 5க்கு மேல் கிடைக்காது. கேம்பிரிட்ஜில் கோர், எக்ஸ்டெண்டட் என்பதும் இதே கதை, கோரில் 'சி'தான் கூரை. புதிதாக வந்த பிள்ளை ஆங்கிலத்தில் தயங்குவதைப் பார்த்து, கணக்கிலும் அப்படித்தான் என்று நினைத்துக் கீழ் நிலையில் போட்டுவிடுவார்கள். ஒரு பழைய வினாத்தாளைக் கொடுத்துச் செய்ய வைத்துக் காட்டுங்கள், நம் பிள்ளைகள் பெரும்பாலும் கணக்கில் மேல் நிலைக்கே உரியவர்கள். எடெக்செல்லில் கால்குலேட்டர் அனுமதி உண்டு, கேம்பிரிட்ஜில் ஒரு தாளுக்கு மட்டும் கிடையாது, அதை வேகமாகப் பயன்படுத்தத்தான் பழக்க வேண்டும். கணக்கு இனிக்கிற பிள்ளைக்கு ஃபர்தர் பியூர் மேத்ஸ் கிடைத்தால் விடாதீர்கள், வகையீடும் தொடர்களும் இங்கேயே வந்துவிடுவதால் ஏ/எல் கணிதம் பாதி லேசாகும்.

எத்தனை பாடம்? ஊருக்குத் திரும்பினால் பத்தாம் வகுப்புக்குச் சமானமாக எடுத்துக்கொள்ளக் குறைந்தது ஐந்து பாடத்தில் நல்ல தரத்தில் தேர்ச்சி வேண்டும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பார்ப்பது இதைத்தான். அதற்காக ஐந்தோடு நிறுத்த வேண்டாம், ஒன்று கவிழ்ந்தாலும் தாங்க வேண்டும். ஏழு, எட்டு போதும், பத்து என்பது பெற்றோரின் பெருமைக்கு. பரீட்சைக் கட்டணமும் பாடத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கட்ட வேண்டும், பவுண்டு ஏறினால் அதுவும் ஏறும், 2022இல் ரூபாய் சரிந்தபோது இங்கிருந்தவர்களைக் கேளுங்கள்.

வருகிற மாதத்தையும் கணக்கில் எடுங்கள். லோக்கல் பள்ளி ஆண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்கும், இன்டர்நேஷனல் பள்ளிகள் பலவற்றில் செப்டம்பர். ஊரில் முழுஆண்டுத் தேர்வு முடித்து மே மாதம் வந்தால் லண்டன் பக்கம் நிதானமாகத் தெரிவு செய்ய நேரம் இருக்கும். லோக்கலில் அதே மே மாதம் வந்தால் வகுப்பில் எல்லோரும் தெரிவு முடித்து உட்கார்ந்திருப்பார்கள், காலியாக இருக்கும் வகுப்பில்தான் இடம். பள்ளியில் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியவை: இந்தப் பாடத்துக்கு இப்போது ஆசிரியர் இருக்கிறாரா, போன வருஷம் எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள், பிடிக்காவிட்டால் எத்தனை வாரத்துக்குள் மாற்றலாம். "பார்ப்போம் மிஸிஸ்..." என்று இழுத்தால் ஆசிரியர் இல்லை என்று அர்த்தம், வெள்ளவத்தை டியூஷன் வகுப்புகளுக்கு இப்போதே பணம் ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாகத் தமிழ். லோக்கலில் தமிழ் மீடியம் என்றால் அது தானாகவே வந்துவிடும். லண்டன் வழியில் போகிறவர்கள்தான் முதல் வேலையாகத் தமிழைக் கைவிடுகிறார்கள், பள்ளியில் கற்பிக்கவில்லை என்று காரணமும் இருக்கும். தமிழும் அங்கே ஒரு பரீட்சைப் பாடம்தான். எட்டாவது வரை ஊரில் தமிழ் படித்த பிள்ளைக்குக் கொஞ்சம் உழைத்தாலே நல்ல தரம் கிடைக்கும், அப்புறம் நடுவில் தமிழ்நாட்டுப் பள்ளிக்குத் திரும்ப நேர்ந்தால் பத்தாவது வரை தமிழ் கட்டாயம் என்ற சட்டம் 2006இலிருந்து இருக்கிறது. பள்ளி பதியாவிட்டால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பதிய முடியுமா என்று கொழும்பு 3, அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸில் உள்ள பிரிட்டிஷ் கவுன்சிலில் விசாரியுங்கள். மே, ஜூனில் நடக்கும் பரீட்சைக்குப் பதிவு பல மாதம் முன்னாலேயே மூடிவிடும், ஆகவே புது வருஷம் பிறக்கும் முன்பே போய்க் கேட்டுவிடுங்கள்.