"முன்னாள் ராணுவ வீரர் நிறுவனம்" என்ற போர்டு: உண்மையா என்று பார்ப்பது எப்படி?

ஓசூரில் எங்கள் குடியிருப்புக்கு செக்யூரிட்டி ஏஜென்சி தேடினோம். வந்த நான்கு கொட்டேஷனில் மூன்றில் "முன்னாள் ராணுவத்தினர் நடத்துவது" என்று அச்சிட்டிருந்தது. அதில் ஒன்றை எடுத்தோம். ஆறு மாதம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தாருக்கு மாதாமாதம் ஏதோ கொடுத்து, அவர் பெயரை லெட்டர்பேடில் போட்டிருக்கிறார்கள். முதல், லாபம், செக் கையெழுத்து எல்லாம் வேறொருவருடையது. அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொந்தமாகக் கடன் வாங்கித் தொழில் தொடங்கிய இன்னொரு ஜவானுக்குப் போகவேண்டிய வேலை பறிபோனதே என்றுதான் மனது வலித்தது.

அதனால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஆள் முன்னாள் படைவீரரா? தொழில் அவருடையதா? நாங்கள் முதல் கேள்வியோடு நின்றுவிட்டோம்.

படி 1: ஆளைப் பாருங்கள்

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் தந்த அடையாள அட்டையை நேரில், அசலாகப் பாருங்கள். கூடவே டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் பணிப் பதிவேடு) அல்லது ஓய்வூதிய ஆணை இருந்தால் பெயரை ஒப்பிடலாம். வாட்ஸ்அப்பில் வரும் அட்டைப் படத்தை நம்பாதீர்கள். மிலிட்டரிக்காரர் என்று சொல்லிப் பழைய பைக் விற்கும் மோசடிக்காரர்களும் அப்படிப் படத்தைத்தான் அனுப்புகிறார்கள். ராணுவ கேன்டீன் கார்டும் போதாது, பணியில் இருப்பவரிடமும் அது இருக்கும்.

சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளில் இருந்தவர்களையும் ஊரில் மிலிட்டரிக்காரர் என்றே சொல்வோம். ஆனால் அவை உள்துறையின் கீழ் வருபவை. முப்படைகளில் இருந்தவர்களுக்கான அரசு வரையறையில் அவர்கள் சேர மாட்டார்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளாமல் பொறுமையாகக் கேட்டுத் தெளியுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டமானது. தருமபுரிக்கு ஒன்று, கிருஷ்ணகிரிக்கு ஒன்று என்று நல அலுவலகங்கள் உண்டு. ஓசூர்க்காரர்கள் கிருஷ்ணகிரிக்குப் போகவேண்டும். உரிமையாளரையே உடன் அழைத்துப் போவதுதான் மரியாதை.

படி 2: தொழிலைப் பாருங்கள்

இங்கேதான் பொறுமை வேண்டும். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்தும் பான் எண். அந்த ஜி.எஸ்.டி. எண்ணின் ஆறாவது எழுத்து 'பி' என்றால் தனிநபர், 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் எண்ணைப் போட்டால், லாகின் இல்லாமலே சட்டப்படியான பெயர் வரும். தனிநபர் தொழில் என்றால் அங்கே வரும் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும்.

கூட்டு என்றால் ஒப்பந்தப் பத்திரத்தில் பங்கு விகிதத்தைக் கேளுங்கள். கம்பெனியில் இயக்குநர் வேறு, பங்குதாரர் வேறு என்பதை மறக்காதீர்கள். உத்யம் சான்றிதழ் (சிறு, குறு தொழில் பதிவுச் சான்று) காட்டினால் மகிழ்ச்சி, ஆனால் படைவீரர் என்பதற்கு அது சான்றாகாது.

இவ்வளவு ஏன்? 2024 சுதந்திர தின உரையில் தமிழக முதல்வர் முன்னாள் படைவீரர்களுக்காக அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம் உண்டு. இப்படிச் சலுகை வரும் இடத்தில் பெயரை வாடகைக்குக் கேட்பவர்களும் வருவார்கள்.

படி 3: செக்யூரிட்டி ஏஜென்சி என்றால்

2005-ம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் கட்டாயம். அலுவலகத்தில் மாட்டியிருப்பார்கள்; யார் பெயரில் இருக்கிறது, காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். நாம் பணம் போடும் வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டது அதைத்தான்.

அட்டையைப் பார்த்தபின் படம் எடுத்துக் குடியிருப்புக் குழுவில் போடாதீர்கள். அதில் சர்வீஸ் எண்ணும் பிறந்த தேதியும் இருக்கும். அசலைப் பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதி, தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டால் போதும்.