இரவு ரயிலில் திருச்சி வானொலி: பயணத்தில் தூரத்து ஏ.எம். நிலையங்களைப் பிடிப்பது எப்படி?

அப்பாவுக்கு மாதம் ஒருமுறை கொழும்பில் கிளினிக். திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் போய், அடுத்த நாள் திரும்புவோம். வீட்டில் இருக்கும் நாட்களில், பொழுதுபட்டால் அவர் பக்கத்தில் ரேடியோ இருக்கும், ரேடியோவில் திருச்சி இருக்கும். 50 வருடப் பழக்கம். ரயிலில் மட்டும் அது இல்லாமல் போய்விடும். செயலியில் போட்டுக் கொடுத்தேன். கந்தளாய் தாண்டியதும் சிக்னல் விட்டு விட்டு வந்தது, ஒரு பாட்டு முடிவதற்குள் மூன்று தரம் நின்றது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஏ.எம். ரேடியோவைப் பயணத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று உட்கார்ந்து பழகினேன். இப்போது எங்களோடு திருச்சியும் வருகிறது. எனக்குப் பிடிபட்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

எப்போது கேட்கும்

பொழுதுபட்ட பிறகு. பகலில் வானத்தில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஒரு படலம் மத்திய அலையை (ஏ.எம். நிலையங்கள் வருவது இதில்தான்) உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்தப் படலம் கலைந்துபோகும். அலை இன்னும் மேலே போய், அங்கிருந்து தெறித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து விழும்.

நம் ஊருக்கு இன்னொரு வசதியும் உண்டு. மத்திய அலை தரையோடு போவதைவிட உப்புத் தண்ணீரின் மேல் வெகுதூரம் போகும். திருகோணமலையிலிருந்து சென்னைக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். சுமார் 500 கிலோமீட்டர், வழி முழுக்கக் கடல். அதனால்தான் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் நின்றால் நல்ல வெயிலிலும் 720 கிலோஹேர்ட்ஸில் வரும் சென்னை வானொலி கேட்கிறது. அதே ரேடியோவை நகருக்குள் ஒரு கடையில் வைத்தால் வெறும் இரைச்சல்தான் வரும். பழகத் தொடங்குகிறவர்கள் முதல் நாள் கடற்கரைக்குப் போங்கள். அங்கே ஒரு நிலையத்தைக் கேட்டுவிட்டால் ரேடியோ நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கை வரும்.

எந்த ரேடியோ

என் தெரிவு டெக்சன் பி.எல்.-380 அல்லது பி.எல்.-310 ஈ.டி. இரண்டும் கையடக்கமானவை. அலைவரிசையை எண்ணில் காட்டும், கேட்கும் அகலத்தை, அதாவது ஓர் எண்ணைச் சுற்றி எவ்வளவு இடத்தைச் சேர்த்துக் கேட்பது என்பதை, 6, 4, 3, 2, 1 கிலோஹேர்ட்ஸ் என்று மாற்றலாம். மூன்று பென்டோர்ச் பற்றரியில் ஓடும், இதுதான் எனக்கு முக்கியம். கல்லோயா சந்தியில் ரயில் நிற்கும் நேரத்தில்கூட ஒரு பெட்டிக்கடையில் அந்தப் பற்றரி வாங்கிவிடலாம். வீட்டில் பழைய முள் ரேடியோ நல்ல நிலையில் இருந்தால் அதுவும் போதும், ஒலி இனிமையாகவும் இருக்கும். ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு எண் தெரிகிற ரேடியோதான் நல்லது. முள் எங்கே நிற்கிறது என்று இருட்டில் ஊகிக்க வேண்டியதில்லை.

போனில் ஏ.எம். வராது. எஃப்.எம். உள்ள போனிலும் வராது.

ஒன்பதா, பத்தா: நான் மாட்டிக்கொண்ட இடம்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாக வாசியுங்கள். என் ரேடியோ கனடாவிலிருந்து சித்தி கொண்டுவந்தது. முதல் இரவே சென்னை 720 பளிச்சென்று வந்தது. சரி, எல்லாம் வரும் என்று நினைத்துத் திருச்சியைத் தேடினேன். திருச்சியின் இடம் 936. ஆனால் என் ரேடியோவில் 930 இருந்தது, அடுத்தது 940. நடுவில் நிற்க இடமே இல்லை. 940இல் யாரோ தொண்டை கட்டிப் பேசுவதுபோல் ஒரு கரகரப்பு, அதற்குள் தூரத்தில் ஒரு நாதஸ்வரம். மூன்று இரவு முயன்றேன். ரேடியோ பழுது என்றுகூட நினைத்தேன். 720 அவ்வளவு தெளிவாக வந்ததால்தான் தவறு எங்கே என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏ.எம். நிலையங்கள் 10 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும். நம் பக்கம் ஆசியா முழுக்க 9. அங்கே விற்கிற ரேடியோ பத்துப் பத்தாகத் தாவும். 720 என்ற எண் ஒன்பதாலும் வகுபடும், பத்தாலும் வகுபடும். அதனால் அது மட்டும் சரியாக விழுந்தது. 630, 810, 900 போன்ற சில இடங்களும் அப்படித்தான்.

உங்கள் ரேடியோவைச் சோதிக்க ஒரு வழி: ஏ.எம். வரிசையின் அடிவரை இறங்கிப் பாருங்கள். பெரும்பாலான சிறிய டிஜிட்டல் ரேடியோக்களில் 522 என்று நின்றால் ஒன்பது, 520 என்று நின்றால் பத்து. பத்தில் இருந்தால் ரேடியோவை நிறுத்திவிட்டு 9/10 என்று அடையாளம் போட்ட பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். எண் மாறும். மாற்றும்போது சேமித்து வைத்த நிலையங்கள் அழிந்துபோகலாம், முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஓர் எண் நம் பக்கத்து எண்ணா என்று மனக்கணக்கிலேயே பார்க்கலாம். இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதோ, ஒன்பதின் மடங்கோ வர வேண்டும். 9+3+6 = 18, சரி. தூத்துக்குடி 1053, கூட்டினால் 9, சரி. 940ஐக் கூட்டினால் 13, அங்கே நம் பக்கத்து நிலையம் இருக்காது. இது தெரிந்த பிறகு எத்தனையோ வீண் தேடல் குறைந்தது.

ரேடியோவைத் திருப்புங்கள்

வெளியே இழுக்கும் நீளக் கம்பி எஃப்.எம்முக்கும் சிற்றலைக்கும்தான். மத்திய அலைக்கு அதை இழுத்தாலும் ஒன்றுதான், மடக்கினாலும் ஒன்றுதான். ஏ.எம்மைப் பிடிப்பது ரேடியோவின் உள்ளே, மேல்பக்கம் குறுக்காகப் படுத்திருக்கும் ஃபெரைட் கோல். கரிய கோல், அதன் மேல் மெல்லிய செப்புக் கம்பிச் சுற்று.

அந்தக் கோலின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்க்க வேண்டும். நுனி நிலையத்தைப் பார்த்தால் ஒலி செத்துவிடும். நான் அப்பாவுக்குச் சொன்னது: ரேடியோவின் முகமோ முதுகோ ஊரைப் பார்க்கட்டும், தோள் பார்க்கக் கூடாது. திருகோணமலையிலிருந்து சென்னை கிட்டத்தட்ட நேர் வடக்கு, திருச்சி வடமேற்கு, தூத்துக்குடி நேர் மேற்கு. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ரயிலில் இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். முதல் பயணத்தில் கந்தளாய்க்குப் பிறகு திருச்சி மெல்ல மெல்ல மங்கிப் போனது. "தம்பி, நிண்டு போச்சு" என்றார் அப்பா. தூரம் கூடிவிட்டது என்று நானும் நினைத்தேன். ஆனால் ரேடியோவை வாங்கிச் சும்மா கால்வாசி திருப்பியதும் செய்தி வாசிப்பவர் பக்கத்து இருக்கையில் இருப்பதுபோல் பேசினார். நிலையம் எங்கும் போகவில்லை. வளைவில் ரயில் திரும்பியிருந்தது, ஜன்னலோரம் வைத்த ரேடியோவும் அதோடு திரும்பியிருந்தது. இப்போது ஒலி மங்கினால் அப்பாவே திருப்பிக்கொள்கிறார்.

திருப்புவதன் இன்னொரு பயன், வேண்டாத நிலையத்தை அமுக்குவது. 684இல் கோழிக்கோடும் இருக்கிறது, அந்தமானின் போர்ட் பிளேயரும் இருக்கிறது. ஒன்று நமக்கு மேற்கே, மற்றது கிழக்கே. உப்புவெளியில் ஒரு தை மாத இரவு இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பேசிக்கொண்டிருந்தன. கோலின் நுனியைக் கோழிக்கோட்டுப் பக்கம் காட்டி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். ஓரிடத்தில் மலையாளம் அடங்கி, அடியில் இருந்த ஹிந்திப் பாட்டு மேலே வந்தது. ஒலி அடங்கும் அந்தப் புள்ளி மிகவும் ஒடுக்கமானது, ஒலி கூடும் பக்கம் அகலமானது. அதனால் நன்றாகக் கேட்கும் கோணத்தைத் தேடுவதைவிட, கேட்காத கோணத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து கால்வாசி திருப்புவது சுலபம்.

எங்கே உட்காருவது

ரயில் பெட்டி இரும்புக் கூடு. ரேடியோவை மடியில் வைத்தால் பாதி போய்விடும். திறந்த ஜன்னலின் விளிம்பில், கையில் பிடித்தபடி வையுங்கள். கைப்பட்டியை மணிக்கட்டில் போடுங்கள், ரயில் குலுங்கும். ஜன்னல் திறக்காத குளிரூட்டிய பெட்டியில் அவ்வளவாக எதிர்பார்க்க வேண்டாம். நம் ரயில்கள் டீசலில் ஓடுகின்றன, மேலே மின்கம்பி இல்லை, இது நமக்குப் பெரிய நிம்மதி.

பஸ் கஷ்டம். முன்னால் ரி.வி., சாமி படத்தைச் சுற்றி மினுக்கும் எல்.இ.டி. மாலை, இரண்டும் ஏ.எம்மில் கொரகொர என்று இறங்கும். பின்னால், ஜன்னலோரம் உட்காருங்கள். பக்கத்தில் யாராவது போனைச் சார்ஜரில் போட்டிருந்தாலும் இரைச்சல் வரும். நீங்களும் ரேடியோவைச் சார்ஜ் செய்தபடி கேட்காதீர்கள்.

தேடும்போது தானாகத் தேடும் பட்டனை நம்ப வேண்டாம். அது பலமான நிலையங்களில் மட்டும்தான் நிற்கும். கையால் ஒவ்வொரு ஒன்பதாக ஏறுங்கள், ஓர் இடத்தில் அரை நிமிடமாவது நில்லுங்கள். தூரத்து நிலையம் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். நீங்கள் தாண்டிப்போன விநாடியில் அது இறங்கியிருக்கலாம். மாகோவை நெருங்கும்போது புத்தளத்திலிருந்து வரும் 882 அக்கம்பக்கத்தை மூடிவிடும், அதன் சக்தி 400 கிலோவாட். அந்த நேரத்தில் அகலத்தை 3க்கோ 2க்கோ குறையுங்கள். பேச்சு கொஞ்சம் மந்தமாகும், ஆனால் புரியும்.

தங்கும் இடத்தில்: ஒரு கம்பிச் சட்டம்

கொழும்பில் தங்கும் அறையில் ஜன்னலைத் திறந்தாலும் திருச்சி மெலிவாகத்தான் வந்தது. அதற்கு ஒரு சட்டம் செய்தேன். 64 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு மரச்சட்டங்கள், நடுவில் ஒரே ஓர் ஆணி முறுக்கி, சிலுவைபோல் விரித்து மடக்கலாம். நான்கு நுனியிலும் 7 சென்டிமீட்டர் குறுக்குக் கட்டை வைத்து, 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வாளால் 16 கீறல் போட வேண்டும். சாதாரண ஒற்றை இழை வயர் 30 மீட்டர் வாங்கி, கீறல்களில் 16 சுற்று சுற்றுங்கள். பக்கம் 45 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம் கிடைக்கும். வயரின் இரண்டு நுனியையும் பழைய வால்வு ரேடியோவில் இருக்கும் கேங் கண்டென்சரில் (நிலையம் மாற்றும்போது சுழலும் தகடுகள் உள்ள பகுதி) இணையுங்கள், ஒன்று அதன் உடம்பில், மற்றது அசையாத தகடுகளின் காலில். ரேடியோ திருத்துகிறவர்களிடம் கேட்டால் கழற்றி வைத்தது ஒன்று இருக்கும்.

ரேடியோவுக்கு வயர் எதுவும் போட வேண்டாம். சட்டத்தின் விளிம்பு ஊரைப் பார்க்க, ரேடியோவை அதன் அருகில் வைத்து, உள்ளிருக்கும் கோல் சட்டத்தைக் குத்தி நிற்பதுபோல் திருப்புங்கள். கண்டென்சரை மிக மெதுவாகச் சுழற்றினால் ஓரிடத்தில் இரைச்சல் திடீரென்று பொங்கும், அதற்குள் குரல் எழும். அந்த இடம் நகத்தின் அகலம்தான்.

பின்சேர்க்கை

இதை வாசித்துச் செய்து பார்த்தவர்கள் கேட்டவை சில.

ஜப்பானிலிருந்து வந்த வான் வண்டியின் ரேடியோவில் எஃப்.எம். 76 முதல் 90 வரைதான் இருக்கிறது, ஏ.எம். மட்டும் சரியாக வருமா? வரும். ஜப்பானும் ஒன்பது இடைவெளிதான். நம் ஊர் எஃப்.எம். எண்களை அந்த ரேடியோவுக்கு ஏற்றபடி மாற்றப் போடுகிற பெட்டி ஏ.எம்முக்குத் தேவையில்லை. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கார் ரேடியோவில் இரைச்சல் கூடுதலாக இருக்கலாம், வண்டியை நிறுத்திவிட்டு வெளியே கை ரேடியோவில் கேளுங்கள்.

இன்னொருவருக்குச் சில இடங்களில் குரலே இல்லாமல், அருவி விழுவதுபோல் ஒரே சீரான சத்தம் மட்டும் வந்ததாம், ரேடியோ பழுதா என்று கேட்டிருந்தார். இல்லை. இந்திய நிலையங்கள் சில மத்திய அலையிலேயே டிஜிட்டல் ஒலிபரப்பும் செய்கின்றன. சாதாரண ரேடியோவில் அது அப்படித்தான் கேட்கும், அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

டொய்ச்ச வெல்லே பற்றியும் ஒருவர் நினைவுபடுத்தினார். திருகோணமலைக்கு வடக்கே அந்த ஜெர்மன் வானொலி நடத்திய மறு ஒலிபரப்பு நிலையம் 1548இல் 400 கிலோவாட்டில் ஒலிபரப்பிய காலம் ஒன்று இருந்தது. 2013இல் அந்த இடம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அந்தப் பக்கத்து வீடுகளில் அப்போது ரேடியோவின் எந்த மூலையைத் திருப்பினாலும் ஜெர்மன்காரர்தான் வருவாராம். பலமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இப்படி நடக்கும், அங்கிருந்து சில கிலோமீட்டர் விலகித்தான் கேட்க வேண்டும்.

மழைக்காலத்தில் படபடவென்று வெடிக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அது மின்னல். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி இருக்கும் நாட்களில் விட்டுவிடுங்கள். தை, மாசி இரவுகள்தான் அருமையானவை. இந்த மாசியில் போன பயணத்தில் கல்லோயா வரைக்கும் ஒரு தரம்கூட ரேடியோவைத் திருப்ப வேண்டி வரவில்லை, அப்பா அதைக் காதோடு வைத்தபடியே தூங்கிவிட்டார். பற்றரி போய்விடும் என்று நான்தான் நிறுத்தினேன்.